மன்னார் மணலும் ஒளியும்: தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் தொழிற்படு பொருள்
(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – பரீட்சை வழிகாட்டிக் கட்டுரை)



கலவைகளை வேறாக்கல், ஒளிமுறிவு, குறைகடத்திகள், நீர்ம அமுக்கம் ஆகிய நான்கையும் நீங்கள் வெவ்வேறு அலகுகளில் கற்றிருப்பீர்கள். பரீட்சையில் இவை தனித்தனி வினாக்களாகவும் வரலாம். ஒரே அமைப்புக் கட்டுரை வினாவில் இணைந்தும் வரலாம். மன்னார்க் கரையோர மணலில் காணப்படும் ஒரு மூலகத்தைக் கொண்டே இந்நான்கு எண்ணக்கருக்களையும் இக்கட்டுரையில் மீட்டுவோம். கூடவே, உலக ஆய்வுகூடங்களில் ஒளியைக் கையாளும் புதிய பொருட்கள் பற்றியும், எமது மாவட்டத்தில் அம்மணல் தொடர்பாக எழுந்துள்ள கேள்வி பற்றியும் அறிந்து கொள்வோம்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் இயலவேண்டியவை:
• கனிய மணலின் கூறுகளை வேறாக்கும் முறைகளைக் காரணத்துடன் விளக்கல்
• முறிவுச்சுட்டிக்கும் அவதிக்கோணத்துக்கும் உள்ள தொடர்பைப் பயன்படுத்தல்
• சாயமூட்டிய சூரியக்கலம் தொழிற்படும் விதத்தைப் படிமுறையாகக் கூறல்
• நன்னீர், கடல்நீர் என்பவற்றின் அடர்த்தி வேறுபாட்டால் ஏற்படும் விளைவைக் கணித்தல்

1. மணலில் உள்ளது என்ன?

மடுவிலிருந்து மன்னார் நோக்கிப் பயணிக்கும்போது காட்டு நிலம் மெல்ல விலகி, வயல் நிலமும், பின்னர் உவர் நிலமும், இறுதியில் கடலும் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தீவின் பல இடங்களில் மணல் முழுவதும் வெண்மையாக இருப்பதில்லை. அலை வந்து திரும்பும் இடங்களில் கரிய கோடுகள் தென்படும். அவை அழுக்கு அல்ல. அடர்த்தி கூடிய கனியங்கள் ஆகும்.

உள்நாட்டுப் பாறைகள் பல இலட்சம் ஆண்டுகளாக வானிலையாலழிந்து மணலாகின்றன. ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. மன்னார் மாவட்டத்தில் கடலை அடையும் அருவி ஆறு (மல்வத்து ஓயா) அநுராதபுரப் பகுதியூடாக வருவது. கடலை அடைந்த மணலை அலைகளும் நீரோட்டங்களும் மீண்டும் மீண்டும் அலசுகின்றன. அடர்த்தி குறைந்த துணிக்கைகள் இலகுவாக அடித்துச் செல்லப்பட, அடர்த்தி கூடியவை கரையில் தங்கிவிடுகின்றன. முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி விலகி அரிசி தங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

கனிய மணலில் உள்ள முக்கிய கூறுகள்:
• படிகம் (குவாட்சு) – சிலிக்கன் ஈரொட்சைட்டு. அடர்த்தி ஏறத்தாழ 2.65 கிராம்/கன சென்ரிமீற்றர்
• இல்மனைற்று – இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் சேர்ந்த சேர்வை. அடர்த்தி ஏறத்தாழ 4.7
• ரூட்டைல் – தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அடர்த்தி ஏறத்தாழ 4.2
• சிர்கோன் – சேர்கோனியம் சிலிக்கேற்று. அடர்த்தி ஏறத்தாழ 4.6

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் இவ்வகை மணல் நீண்டகாலமாக அகழப்படுகிறது. இதற்கென 1957 இல் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் ஆரம்பிக்கப்பட்டது.

வேறாக்கும் படிமுறை:
(அ) அடர்த்தி வேறுபாடு: நீருடன் கலந்த மணல் சுருள் வடிவான தவாளிகளில் விடப்படும். அடர்த்தி குறைந்த படிகம் நீருடன் வெளிப்புறமாகச் செல்ல, ஏனையவை உட்புறமாகத் தங்கும்.
(ஆ) காந்த இயல்பு: உலர்த்திய கனியங்கள் வலிமையான காந்தப் புலத்தினூடாகச் செலுத்தப்படும். இல்மனைற்றில் இரும்பு இருப்பதால் அது கவரப்பட்டு வேறாகும்.
(இ) மின்கடத்து இயல்பு: எஞ்சிய ரூட்டைலும் சிர்கோனும் உயர் வோல்ற்றளவுப் புலத்தில் வேறாக்கப்படும். ரூட்டைல் ஓரளவு மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது.

ஞாபகத்தில் கொள்க: வேறாக்கல் பற்றிய வினாவுக்கு விடையளிக்கும்போது முறையின் பெயரை மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. கூறுகளுக்கிடையே எந்தப் பௌதிக இயல்பு வேறுபடுகிறது என்பதையும் எழுதுதல் வேண்டும்.

உதாரணக் கணிப்பு 1

இல்மனைற்றின் ஒரு சூத்திர அலகில் ஓர் இரும்பு, ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. தூய இல்மனைற்று 1000 கிலோகிராமிலிருந்து பெறக்கூடிய உச்ச தைத்தேனியம் ஈரொட்சைட்டின் திணிவு யாது? (சார் அணுத்திணிவு: இரும்பு 56, தைத்தேனியம் 48, ஒட்சிசன் 16)

இல்மனைற்றின் சார் சூத்திரத்திணிவு = 56 + 48 + (16 × 3) = 152
தைத்தேனியம் ஈரொட்சைட்டின் சார் சூத்திரத்திணிவு = 48 + (16 × 2) = 80
ஒரு சூத்திர அலகிலிருந்து ஒரு சூத்திர அலகே கிடைக்கும். எனவே,
பெறக்கூடிய திணிவு = 1000 × 80 ÷ 152 = ஏறத்தாழ 526 கிலோகிராம்

இல்மனைற்றிலிருந்து இரும்பை நீக்கித் தூய வெண்தூளைப் பெறுவது இலகுவான வேலையன்று. சல்பூரிக்கமில முறையில் பெருமளவு அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் உண்டாகின்றன. மணலை அகழும் நாடு ஒன்றாகவும், அதைத் தூளாக்கிப் பெறுமதி சேர்க்கும் நாடு வேறொன்றாகவும் இருப்பதற்கு இத்தொழிற்சாலைகளுக்குத் தேவையான முதலீடும் கழிவகற்றலும் ஒரு காரணமாகும்.

2. வெண்மைக்குக் காரணம் முறிவுச்சுட்டி

உங்கள் வகுப்பறைச் சுவரின் வெள்ளைப் பூச்சு, பற்பசை, பளபளப்பான வெள்ளைக் கடதாசி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டே. உணவில் சேர்க்கப்பட்டு வந்த இதனை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடை செய்தது. பூச்சுகளில் இதன் பயன்பாடு தொடர்கிறது.

இத்தூள் வெண்மையாகத் தெரிவது ஏன்? ஒளி ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குச் செல்லும்போது அதன் வேகம் மாறுவதால் முறிவடைகிறது என்பதை அறிவீர்கள். முறிவுச்சுட்டி வேறுபாடு கூடக்கூட, எல்லையில் தெறிப்பும் முறிவும் கூடும். சில முறிவுச்சுட்டிகளை ஒப்பிடுங்கள்:

நீர் – 1.33
சாதாரண கண்ணாடி – ஏறத்தாழ 1.5
வைரம் – 2.42
தைத்தேனியம் ஈரொட்சைட்டு (பளிங்கு வடிவைப் பொறுத்து) – ஏறத்தாழ 2.5 முதல் 2.7 வரை

வைரத்தையும் விஞ்சிய முறிவுச்சுட்டி கொண்ட பொருள் இது! நுண்ணிய தூளாக இருக்கும்போது ஒவ்வொரு துணிக்கையும் எல்லா நிற ஒளியையும் பலதிசைகளிலும் சிதறச் செய்கிறது. எல்லா நிறங்களும் சேர்ந்து கண்ணை அடைவதால் வெண்மையாகத் தெரிகிறது.

உதாரணக் கணிப்பு 2

அடர் ஊடகத்திலிருந்து வளிக்குச் செல்லும் ஒளிக்கு,
அவதிக்கோணத்தின் சைன் பெறுமானம் = 1 ÷ முறிவுச்சுட்டி

கண்ணாடிக்கு: 1 ÷ 1.5 = 0.667. அவதிக்கோணம் ஏறத்தாழ 42 பாகை.
தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு: 1 ÷ 2.5 = 0.4. அவதிக்கோணம் ஏறத்தாழ 24 பாகை.

முறிவுச்சுட்டி கூடினால் அவதிக்கோணம் குறையும். அதாவது, கூடுதலான கதிர்கள் முழு அகத்தெறிப்புக்கு உட்பட்டு உள்ளேயே சிறைப்படும். முழு அகத்தெறிப்புக்கான இரு நிபந்தனைகளையும் இங்கே மீட்டுக் கொள்ளுங்கள்:
(1) ஒளி அடர் ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.
(2) படுகோணம் அவதிக்கோணத்திலும் பெரிதாக இருக்க வேண்டும்.

3. ஒளியை வழிநடத்தல்: நாரிலிருந்து சில்லுக்கு

ஒளியியல் நார் முழு அகத்தெறிப்பின் பிரயோகம் ஆகும். தூய கண்ணாடி நாரினூடாகத் தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பலாம் என 1966 இல் சார்ள்ஸ் காவோ எடுத்துக்காட்டினார். அதற்காக 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதே தத்துவம் இப்போது சில்லுகளுக்குள் வந்துவிட்டது. சாதாரண தொகையிடு சுற்றில் உலோகக் கீற்றுகளில் மின்னோட்டம் செல்கிறது. ஒளியணுவியல் தொகையிடு சுற்றில் சிலிக்கன் கீற்றுகளில் ஒளி செல்கிறது. இவற்றின் அகலம் ஏறத்தாழ 500 நனோமீற்றர், உயரம் ஏறத்தாழ 220 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கீற்றுகளை அருகருகே வைக்கலாம்! சிலிக்கனின் முறிவுச்சுட்டி செங்கீழ் ஒளிக்கு ஏறத்தாழ 3.5, அதைச் சூழும் சிலிக்கன் ஈரொட்சைட்டின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.44. இப்பெரிய வேறுபாடே ஒளியைக் கீற்றுக்குள் இறுக்கி வைத்து, வளைவுகளிலும் வெளியேறாமல் திருப்புகிறது. இவ்வாறு செல்லும் ஒளி, கம்பியில் செல்லும் மின்னோட்டம் போலக் கம்பியை வெப்பமாக்குவதில்லை. கணினித் தரவு நிலையங்களில் மின்சக்தி விரயத்தைக் குறைக்க இதனால் இயலும். எமக்கு அருகே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சிலிக்கன் ஒளியணுவியலுக்கான உயர் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது.

தைத்தேனியம் ஈரொட்சைட்டும் இத்துறையில் இடம்பெறுகிறது. 2016 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தில் பெடெரிக்கோ கப்பாசோவின் ஆய்வுக்குழு, கண்ணாடித் தட்டின் மீது ஏறத்தாழ 600 நனோமீற்றர் உயரமான தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூண்களை நிறுத்தி, கட்புல ஒளியைக் குவிக்கும் தட்டையான வில்லையை உருவாக்கியது. சாதாரண குவிவுவில்லை ஒளியைக் குவிப்பது அதன் வளைந்த மேற்பரப்பினால். இவ்வில்லையிலோ மேற்பரப்பு தட்டையானது. தூண்களின் ஒழுங்கமைப்பே ஒளியைக் குவிக்கிறது. மூலப்பொருள் சுவருக்குப் பூசும் வெண்தூளில் உள்ள அதே சேர்வை. அமைப்பை மாற்றியபோது பயன் மாறியது.

இவ்வாறு ஒளி, மின், வெப்பம் போன்றவற்றுக்குக் குறித்த விதத்தில் துலங்கலைக் காட்டி ஒரு தொழிலைச் செய்யும் பொருட்களைத் தொழிற்படு பொருட்கள் என்பர்.

4. ஒளியிலிருந்து மின்: குறைகடத்தியாகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு

தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தியும் ஆகும். 1972 இல் ஜப்பானைச் சேர்ந்த அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும், இதனாலான மின்வாயில் கழியூதாக் கதிர்கள் படும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதை வெளியிட்டனர். தாமாகவே அழுக்கை அகற்றும் கண்ணாடிகள் பின்னர் இத்தகைய ஒளியூக்கச் செயற்பாட்டைக் கொண்டே செய்யப்பட்டன.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. இப்பொருள் கழியூதாக் கதிர்களையே உறிஞ்சும். தரையை அடையும் சூரிய சக்தியில் கழியூதாவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 5 மாத்திரமே. கட்புல ஒளியையும் பயன்படுத்துவது எப்படி?

விடை தாவர இலையில் இருக்கிறது. பச்சையம் என்னும் நிறப்பொருள் கட்புல ஒளியை உறிஞ்சி ஒளித்தொகுப்பைத் தொடக்கி வைக்கிறது. அதுபோலவே, வெண்தூளின் மீது ஒரு சாயத்தைப் பூசினால் என்ன? 1991 இல் பிரையன் ஓறீகனும் சுவிற்சர்லாந்தின் மைக்கேல் கிறேற்செலும் நனோத் துணிக்கைகளாலான தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் சாயம் ஏற்றி, ஏறத்தாழ 7% வினைத்திறனுள்ள சூரியக்கலத்தை அமைத்தனர்.

அது தொழிற்படும் படிமுறை:
(1) சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்ச, அதன் இலத்திரன் ஒன்று உயர் சக்தி நிலையை அடையும்.
(2) அவ்விலத்திரன் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்குள் செல்லும்.
(3) அங்கிருந்து மின்கடத்தும் கண்ணாடியூடாக வெளிச்சுற்றை அடைந்து வேலை செய்யும்.
(4) மறு மின்வாயை அடைந்து, அயடைட்டைக் கொண்ட மின்பகுபொருளினூடாகச் சாயத்துக்கு மீளும்.

திரவ மின்பகுபொருள் ஆவியாகலாம், கசியவும் கூடும். இலங்கை போன்ற வெப்ப நாட்டில் இது பெரிய இடர்ப்பாடு. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவரது குழுவினரும் 1995 இல் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தைப் பயன்படுத்திய கலத்தை வெளியிட்டனர். அதில் அவர்கள் உபயோகித்த சாயம், பூக்களில் காணப்படும் சயனிடின் என்னும் நிறப்பொருள்! வினைத்திறன் குறைவாக இருந்தபோதும், முழுமையான திண்ம நிலைக் கலத்துக்கு அது வழிகாட்டியது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையிலும் இத்துறை சார்ந்த ஆய்வு நடைபெற்று வருகிறது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜனின் ஆய்வுகள், தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் மின்கடத்தும் பல்பகுதியத்தையும் சேர்த்த கலப்புச் சூரியக்கலங்கள் பற்றியவை. தமிழ்மொழி மூலம் சாதாரண தரம் கற்கும் உங்களுக்கு, இத்தகைய ஆய்வுகூடம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

2009 இல் ஜப்பானின் சுத்தோமு மியசாக்கா குழுவினர் சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைற்று என்னும் பளிங்கமைப்புள்ள பொருளை உபயோகித்து 3.8% வினைத்திறன் பெற்றனர். இன்று ஆய்வுகூடங்களில் இவ்வகைக் கலங்களின் வினைத்திறன் 26% ஐத் தாண்டிவிட்டது. எனினும் ஈரப்பதனால் பழுதடைதல், பலவற்றில் ஈயம் இருத்தல் ஆகியன இன்னும் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினைகளாகும். இத்தகைய பல கலங்களில் இலத்திரன்களை எடுத்துச் செல்லும் படையாக இருப்பது மீண்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே.

5. மணலுக்கு அடியில் உள்ள நீர்

இதுவரை மணலிலிருந்து கிடைப்பதைப் பார்த்தோம். அம்மணல் இருந்த இடத்திலேயே என்ன வேலை செய்கிறது என்பதையும் நோக்குவோம்.

மன்னார்த் தீவில் ஆறு இல்லை. மாரி மழைநீர் மணலூடாக வடிந்து, கீழேயுள்ள உவர்நீரின் மீது வில்லை வடிவில் மிதக்கிறது. வீட்டுக் கிணறுகளில் நாம் அள்ளுவது இந்த நன்னீரையே.

உதாரணக் கணிப்பு 3

நன்னீரின் அடர்த்தி 1000, கடல்நீரின் அடர்த்தி 1025 கிலோகிராம்/கன மீற்றர் எனக் கொள்க. நிலக்கீழ் நன்னீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரத்தில் இருப்பின், நன்னீர் கடல் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம்வரை இருக்கலாம்?

அவ்வாழம் ஆ மீற்றர் என்க. நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் மட்டத்தில் அமுக்கங்கள் சமன். அமுக்கம் = உயரம் × அடர்த்தி × ஈர்வையாலான ஆர்முடுகல். இரு பக்கத்திலும் ஆர்முடுகல் ஒன்றே ஆதலால்,
(1 + ஆ) × 1000 = ஆ × 1025
1000 = 25 ஆ
ஆ = 40 மீற்றர்

நன்னீர் மட்டம் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கொள்கையளவில் 40 மீற்றர் நன்னீரை அது தாங்கும். இதன் மறுபக்கத்தையும் சிந்தியுங்கள். நன்னீர் மட்டம் 25 சென்ரிமீற்றர் மாத்திரம் தாழ்ந்தால், உவர்நீர் 10 மீற்றர் மேலேறலாம். கிணறு உவர்ப்பாவதற்குக் கடல் கரையைக் கடந்து வரவேண்டியதில்லை. அது கீழிருந்தே வரும்.

மன்னார்த் தீவில் கனிய மணல் அகழும் திட்டங்களுக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதன் முக்கிய காரணங்களில் ஒன்று இதுவாகும். 2025 ஆகஸ்டில் மன்னாரில் நடைபெற்ற தொடர் போராட்டத்தில், புதிய காற்றாலைத் திட்டங்களுடன் மணல் அகழ்வும் பேசுபொருளாயிற்று. நிலமட்டம் தாழ்ந்தால் மாரியில் வெள்ளம் தேங்கும், நிலக்கீழ் நீர் மேற்பரப்பை நெருங்கி ஆவியாதல் கூடும், பனை மரங்களும் வீடுகளும் மீனவர் வாடிகளும் பாதிப்புறும் என்பது எதிர்ப்போர் வாதம். கனியங்கள் மணலின் ஒரு பகுதியே, அவற்றைப் பிரித்தபின் எஞ்சியதை மீள நிரப்பலாம், அந்நியச் செலாவணியும் தொழில்வாய்ப்பும் கிடைக்கும் என்பது ஆதரிப்போர் வாதம்.

பரீட்சையில் இத்தகைய வினா வந்தால் உணர்ச்சி வசப்பட்டு எழுத வேண்டாம். "மணல் அகழ்வு கூடாது" என்றோ "அபிவிருத்தி வேண்டும்" என்றோ எழுதினால் மட்டும் புள்ளி கிடைக்காது. "ஏன்" என்பதற்கு அடர்த்தி, அமுக்கம், ஆவியாதல் போன்ற விஞ்ஞானக் காரணத்தைக் காட்டுங்கள். அதன்பின் உங்கள் முடிவைத் துணிந்து எழுதுங்கள். நாளை உங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்து, கிணற்று நீர் பற்றி யாரேனும் பேசும்போதும் இதே முறை உதவும்.

6. செயற்பாடு

தேவையானவை: கடற்கரையில் எடுத்த ஒரு பிடி கரிய மணல், ஆழமில்லாத தட்டு, நீர், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், மெல்லிய பொலித்தீன்.
செய்முறை: மணலைத் தட்டில் இட்டு நீருடன் மெதுவாகச் சுழற்றி, மேலே வரும் வெண்மணலை ஊற்றி அகற்றுக. எஞ்சியதை உலர்த்துக. பொலித்தீனால் சுற்றிய காந்தத்தை அருகே கொண்டு செல்க.
அவதானம்: சில கரிய துணிக்கைகள் காந்தத்தில் ஒட்டும், சில ஒட்டா.
வினா: காந்தத்தைப் பொலித்தீனால் சுற்றுவது ஏன்? (விடை: பின்னர் பொலித்தீனைக் கழற்றித் துணிக்கைகளை இலகுவாகச் சேகரிப்பதற்கு.)

7. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. ரூட்டைலையும் சிர்கோனையும் வேறாக்கப் பயன்படும் இயல்பு வேறுபாடு
(1) நிறம் (2) நீரில் கரைதிறன் (3) மின்கடத்து இயல்பு (4) கொதிநிலை

2. ஓர் ஊடகத்தின் முறிவுச்சுட்டி 2 எனின், வளி சார்பாக அதன் அவதிக்கோணம்
(1) 24 பாகை (2) 30 பாகை (3) 42 பாகை (4) 60 பாகை

3. சாயமூட்டிய சூரியக்கலத்தில் சாயத்தின் பிரதான தொழில்
(1) கண்ணாடியை வெப்பமாக்கல் (2) கட்புல ஒளியை உறிஞ்சி இலத்திரனை வழங்கல் (3) மின்பகுபொருளை உறையச் செய்தல் (4) ஒளியை முற்றாகத் தெறித்தல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினா

4. (அ) தூய இல்மனைற்று 380 கிலோகிராமிலிருந்து பெறக்கூடிய உச்ச தைத்தேனியம் ஈரொட்சைட்டின் திணிவைக் கணிக்க.
(ஆ) சிலிக்கன் கீற்றைச் சூழ, அதனிலும் முறிவுச்சுட்டி குறைந்த பொருள் இடப்படுவது ஏன்?
(இ) தீவொன்றில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 0.5 மீற்றர் ஆகும். கடல் மட்டத்துக்குக் கீழ் நன்னீர் இருக்கக்கூடிய ஆழம் யாது?
(ஈ) "ஒரு வளத்தின் பெறுமதியை அதன் விற்பனை விலையால் மட்டும் அளவிட முடியாது." மன்னார்த் தீவின் மணலை உதாரணமாகக் கொண்டு, இரு விஞ்ஞானக் காரணங்களுடன் இக்கூற்றை ஆராய்க.

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (2). 4 (அ) 380 × 80 ÷ 152 = 200 கிலோகிராம். (ஆ) முழு அகத்தெறிப்பு நிகழ்ந்து ஒளி கீற்றுக்குள்ளேயே செல்வதற்கு. (இ) 0.5 × 40 = 20 மீற்றர். (ஈ) மழைநீர் வடிந்து சேமிக்கப்படுதல், உவர்நீர் மேலேறாமல் நன்னீரின் அமுக்கம் தடுத்தல், ஆவியாதலைக் குறைத்தல் ஆகியவற்றுள் இரண்டை விளக்குக. அகழ்வினால் கிடைக்கும் நன்மையையும் ஒப்பிட்டு முடிவு கூறுக.

மாணவர்களே, 4 (ஈ) வினாவுக்கு ஒரே விடை இல்லை. உங்கள் விடையை எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். வீட்டில் கிணறு இருப்பின், மாரியிலும் கோடையிலும் அதன் நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். விஞ்ஞானம் அவ்வாறான குறிப்புகளிலிருந்தே தொடங்குகிறது.